உப்பு வணிகன் வியகன்: 1968 ஜனவரியில் ஒரு வாரம்

1968 ஜனவரி 3ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதி வரை சென்னையில் இரண்டு மாநாடுகள் நடந்தன. ஒன்றுதான் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெயர் என்னவோ ஒன்றுதான்: இரண்டாவது உலகத் தமிழ் மாநாடு. ஆனால் தெருவில் நடந்ததற்கும் அறிஞர்களின் ஆய்வரங்கில் நடந்ததற்கும் இடையே அந்தப் பெயரைத் தவிர வேறு பந்தம் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

தெருவில் நடந்தது ராயபுரத்தில் எங்கள் வீடுவரை வந்து சேர்ந்தது. என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கைக்குழந்தையாக இருந்த என் அப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர்வலம் பார்க்கப் போனதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அலங்கார வண்டிகள், கிரீடம் வைத்த ராஜாக்கள், தலைக்கு மேல் தலையாக ஜனம். அவருக்கு அது 'அண்ணா மாநாடு'. அதற்குள் இன்னொரு மாநாடு இருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியுமில்லை.

தாத்தாவின் ஞாபகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முந்தின ஆண்டு மார்ச்சில் ஆட்சிக்கு வந்த ஒரு கட்சி, பத்தே மாதத்தில், தமிழ் என்பது வீதியில் கொண்டாடத்தக்க விஷயம் என்று லட்சக்கணக்கான சாதாரண மனிதர்களை நம்பவைத்தது. மாநாடு முடிந்த பதின்மூன்றாம் நாள், ஜனவரி 23இல், இருமொழிக் கொள்கைத் தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியது. அந்தச் சூழலில் ஊர்வலத்தை வெறும் கேளிக்கை என்று தள்ளிவிடுவது படித்தவனின் சோம்பேறித்தனம். கடற்கரைச் சிலைகளும் அந்த மாநாட்டையொட்டி வந்தவைதான். வள்ளுவர், ஔவை, கம்பர், கண்ணகி, பாரதி, போப், கால்டுவெல் என்று ஒரு வரிசை. வடக்கேயிருந்து, அதாவது எங்கள் பக்கமிருந்து, நேப்பியர் பாலம் தாண்டி வருகிறவனுக்கு இவர்களுக்கெல்லாம் முன்னால் எதிர்ப்படுவது ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை, 1959இல் வைத்தது. பாறையை நெம்பும் நான்கு பேர், நால்வருக்கும் பெயர் கிடையாது. சாலையின் எதிர்ப்புறம் பல்கலைக்கழகம்.

இனி அந்த மற்ற மாநாடு. 1964 ஜனவரியில் டெல்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் 26ஆவது மாநாடு கூடியபோது தனிநாயகம் அடிகள் முன்முயற்சியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாயிற்று. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் கருத்தரங்கு, அடுத்தது சென்னை. இதன் நடவடிக்கைகளை ஆர். ஈ. ஆஷர் பதிப்பித்து 1971இல் வெளியிட்டார்கள். அந்தக் கனத்த புத்தகத்தில் ஒரு கட்டுரை ஐராவதம் மகாதேவனுடையது. பொருள், சங்க காலத்துத் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள். எழுதியவர் பேராசிரியர் அல்லர், ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஆபீஸ் நேரம் போக மிஞ்சிய நேரத்தில் குகை குகையாக ஏறி இறங்கியவர். (பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. மறைப்பானேன்.)

இதற்கும் ஒரு முன்கதை இருக்கிறது. மதுரை மாங்குளத்துக் குகை எழுத்தை ராபர்ட் சிவெல் 1882இலேயே கண்டுவிட்டார். அது என்ன பாஷை என்பதுதான் பிடிபடவில்லை. 1924இல், இதே சென்னையில் கூடிய மூன்றாவது அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டில், கே. வி. சுப்ரமணிய அய்யர் அது தமிழ் என்று எடுத்துக்காட்டினார். வடக்கத்திப் பிராமியில் இல்லாத ழ, ள, ற, ன ஆகியவற்றுக்கு அங்கே தனிக்குறிகள் இருக்கின்றன. பிராகிருதத்துக்கு வேண்டிய ga, da போன்ற ஒலிப்பெழுத்துகள் அநேகமாக இல்லை. வாதம் இவ்வளவு எளிமையானது. ஆனாலும் அதைப் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து மகாதேவன் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்.

அவர் செய்த வேலையின் தன்மை எனக்கு ஓரளவு பிடிபடுகிறது. வங்கியில் என் பிழைப்பே மாதிரிக் கையெழுத்தோடு செக்கின் கையெழுத்தை ஒப்பிடுவதுதான். ஒரு சுழி எப்படி வளைகிறது, மேலே போன கோடு எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. ஒரே குறி இன்னொரு குகையில் எந்த ஒலியைத் தருகிறது என்று பார்த்துப் பார்த்து அட்டவணை போடுகிற பொறுமையும் இதே ஜாதிதான். இதில் மேதாவிலாசத்துக்கு வேலை குறைவு.

கரூர் அருகே புகளூர்க் கல்வெட்டை அவர் படித்தது 1965இல். செங்காயபன் என்ற சமணத் துறவிக்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி. கொடுத்தவன் இளங்கடுங்கோ, அவன் தந்தை பெருங்கடுங்கோ, பாட்டன் ஆதன் செல்லிரும்பொறை. பதிற்றுப்பத்துப் பாடிய சேரர் மரபு மூன்று தலைமுறையாகக் கல்லில் நின்றது. சங்க இலக்கியம் கட்டுக்கதை அல்ல என்பதற்கு அசைக்க முடியாத சாட்சி. இதைத் தமிழுலகம் கொண்டாடியது, நியாயம்தான். ஆனால் கொண்டாடியது ராஜாக்களை. அரங்குக்குள்ளும் ஊர்வலத்தின் கிரீடங்களே ஜெயித்துவிட்டன என்று தோன்றுகிறது.

1966இல் அவர் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பைப் புரட்டினால் வேறு மனிதர்கள் வருகிறார்கள். மதுரைக்குப் பக்கத்தில் அழகர்மலைக் குகை ஒன்று. அங்கே துறவிகளுக்குத் தானம் செய்தவர்களின் பட்டியல்: உப்பு வணிகன் வியகன், பணித வணிகன் நெடுமூலன் (பணிதம் என்றால் வெல்லப்பாகு), கொழு விற்பவன், அறுவை என்னும் துணி விற்பவன், பொன் கொல்லன். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது, உண்மைதான். அதே மாங்குளத்தில் வெள்ளறை ஊர் வணிகர் சங்கத்தின் தானமும் இருக்கிறது. கடைக்காரர்களும் கைவினைஞர்களும் தங்கள் பெயரை, தொழிலை, ஊரைத் தங்கள் பாஷையில் எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு.

இதை நான் எங்கே உட்கார்ந்து படிக்கிறேன் என்பதும் முக்கியம். ராயபுரத்திலிருந்து சென்ட்ரல் போகும் வழியில் சால்ட் கொட்டார்ஸ் இருக்கிறது. இன்று அது ரயில்வே கூட்ஸ் யார்டு. பெயரில் மட்டும் உப்பு மிச்சமிருக்கிறது. எண்ணூர்ப் பக்கத்து அளங்களின் உப்பு கால்வாயில் படகேறி வந்து தங்கிய கொட்டாரம் அது. அந்த உப்பளங்கள் பலவும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் வந்தபின் சுருங்கிப்போயின. உப்பும் இரும்பும் துணியும் வெல்லமும் ஏறி இறங்கிய பிரதேசம் இது. அந்த வாரத்தில் ஊர்வலம் பார்க்கப் போன என் தாத்தாவுக்கு, ராஜா வேஷக்காரனைவிட நெருங்கின உறவுக்காரன் அந்த வியகன். அவனை முதுகில் கோணி சுமந்த ஒருவனுக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை.

கட்டுரை ஆங்கிலத்தில் இருந்ததே காரணம் என்று சொல்லிவிடலாம். நானே சில காலம் அப்படிச் சொல்லித் திரிந்தேன். இப்போது அது அநியாயமாகப் படுகிறது. செக், பிரெஞ்சு, பிரிட்டிஷ் அறிஞர்கள் கூடிய இடத்தில் ஆங்கிலம் இல்லாமல் முடியாது. தமிழை உலகத்தின் மேஜையில் வைக்க வேண்டும் என்ற தனிநாயகத்தின் ஆசையும் சின்னத்தனமானது அல்ல. குறை, அதைத் திரும்ப இந்தப் பக்கம் கொண்டுவர ஆள் இல்லாமற் போனதில். அரசுக்கு விழா முடிந்துவிட்டது; பேராசிரியருக்குக் கட்டுரை அச்சாகிவிட்டது. 1970இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் வந்ததை மறுக்கவில்லை. அது இன்னொரு கட்டடமாக நின்றது.

நம்மவர்களும் விலக்கல்ல. அந்த வாரம் சேப்பாக்கத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய திருவல்லிக்கேணியிலிருந்துதான் சி. சு. செல்லப்பா 'எழுத்து' நடத்திக்கொண்டிருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் சேலத்திலிருந்து 'நடை' வந்தது. புதுக்கவிதையைப் பற்றிச் செக் நாட்டுக் கமில் ஸ்வெலபில் 1973இல் ஆங்கிலத்தில் ஒரு அத்தியாயமே எழுதினார். அவர் நம்மைப் படித்தார். நாம் கல்வெட்டைப் படித்தோமா? பண்டிதர் விவகாரம் என்று ஒதுக்கினோம்.

2001 டிசம்பரில் கண்ணகி சிலை கடற்கரையிலிருந்து காணாமற்போனபோது ஊரே கொந்தளித்தது. 2006 ஜூனில் அவள் திரும்பி வந்தாள். அவள் இல்லாத அந்த இடைவெளியில்தான், 2003இல், மகாதேவனின் வாழ்நாள் உழைப்பு 'க்ரியா'வும் ஹார்வர்டும் சேர்ந்து வெளியிட்ட ஆங்கில நூலாக வந்தது. அதில் அவர் வைக்கும் ஒரு வாதத்தை நான் சிலைகள் அத்தனைக்கும் மேலாக மதிக்கிறேன். தக்காணத்தில் எழுத்து பிராகிருதத்தில் இருந்தது. அரசவை, துறவி, பெருவணிகன் இவர்களோடு நின்றது. தமிழ்நாட்டில் ஆட்சிக்கும் வழக்குக்கும் தமிழே மொழியாக இருந்ததால் எழுத்தறிவு சாதாரண ஜனங்கள்வரை இறங்கியது. ஆதாரம்? மலைக்குகைகள் ஒருபுறம். மறுபுறம் பானை ஓடுகள். சமைக்கவும் தண்ணீர் வைக்கவும் வாங்கிய பானையில் சொந்தக்காரர் தன் பெயரைக் கீறிவைத்திருக்கிறார். 2015இல் தோண்டத் தொடங்கிய கீழடியிலும் இப்படி ஆதன், குவிரன் என்று பெயர்கள் கிடைத்தன.

தாத்தா கூலிப் பட்டியலில் ரொம்ப நாள் கைநாட்டுத்தான் வைத்துக்கொண்டிருந்தாராம். கையெழுத்துப் போட எப்போது கற்றுக்கொண்டார் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பழைய எவர்சில்வர் குடம் ஒன்று இருக்கிறது. கழுத்தில் புள்ளி புள்ளியாக அவர் பெயர். பாத்திரக்கடைக்காரன் வெட்டியது அல்ல, ஆணியால் அவரே குத்தியது. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கீழே இறங்கியிருக்கிறது.