கொல்லைக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது? வீரபாண்டிப் பகுதி விவசாயிகளுக்குச் சில யோசனைகள்

வயலில் வாழைக்குச் சொட்டுநீர் போட்டு அளந்து பாய்ச்சுகிறீர்கள். வீட்டுக்கு வந்தால், டியூப்பைத் தென்னை மரத்தடியில் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறீர்கள். கொல்லைதானே என்ற நினைப்பு. ஆனால் சித்திரை, வைகாசியில் போர்வெல் நீர்மட்டம் இறங்கும்போது வீட்டுக்கும் மாட்டுக்கும் அதே தண்ணீர்தான்.

முதலில், உங்கள் டியூப்பில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். 20 லிட்டர் கேன் ஒரு நிமிடத்தில் நிறைந்தால், அரை மணி நேரத்தில் 600 லிட்டர் போகிறது. காய்க்கும் தென்னைக்குக் கோடையில் சொட்டுநீரில் நாளொன்றுக்குச் சுமார் 65 முதல் 80 லிட்டர் போதும். ஆக, அந்த அரை மணி நேரத் தண்ணீர் ஒரு மரத்துக்கு ஒரு வாரத்துக்கு வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் அப்படி விட்டால், பெரும்பகுதி வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். போட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு போகும்.

கிழமை பார்த்துத் தண்ணீர் விடாதீர்கள், மண்ணைப் பாருங்கள். கத்தரி, மிளகாய், கீரைப் பாத்தியில் இரண்டு அங்குலம் தோண்டி ஒரு பிடி மண் எடுத்து உருட்டுங்கள். உருண்டை பிடித்தால் அன்று தண்ணீர் வேண்டாம், உதிர்ந்தால் விடலாம். செம்மண் சீக்கிரம் காயும். வண்டலும் களியும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதனால் பக்கத்து வீட்டுக் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது. மரங்களுக்குத் தண்ணீர் விட்ட மறுநாள் ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்துங்கள். ஈரம் இருக்கும் ஆழம்வரை எளிதாக இறங்கும், அதற்குக் கீழே முட்டும். ஒன்றரை, இரண்டு அடி இறங்கினால் போதுமான தண்ணீர் கிடைத்திருக்கிறது.

எந்த இடத்தில் விடுவது?

தண்ணீரை உறிஞ்சும் வேர்கள் தண்டை ஒட்டி இருப்பதில்லை. தென்னைக்கு மரத்தைச் சுற்றி ஆறடி வரை வட்டப்பாத்தி எடுங்கள். எலுமிச்சைக்கு இரட்டை வட்டப்பாத்தி நல்லது: உள்வட்டத்தில் மண் அணைத்து, வெளிவட்டத்தில் மட்டும் தண்ணீர் நிற்கட்டும். அடித்தண்டில் ஈரம் தேங்கினால் பட்டை அழுகிப் பிசின் வடியும். பிறகு மரத்தைக் காப்பாற்றுவது கடினம்.

நம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று உங்களுக்குத் தெரியும். அப்போது டியூப் வாயை விரலால் அடைத்து வீசியடித்தால், பாதி காற்றோடு போகும். அந்த மாதங்களில் காற்று எழும்முன் விடியற்காலையில், மண்ணை ஒட்டித் தண்ணீர் விடுங்கள். முல்லைப் பெரியாற்றில் முதல்போகத்துக்குத் தண்ணீர் ஓடுகிறதே என்று கொல்லையில் தாராளம் காட்ட வேண்டாம். அது கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கான தண்ணீர்.

செலவில்லாமல் தண்ணீர் மிச்சப்படுத்த மூடாக்குதான் முதல் வழி. தென்னைக்கு 100 உரிமட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி வட்டப்பாத்தியில் அடுக்குங்கள். காய்கறிச் செடிகளுக்குக் காய்ந்த வாழைச் சருகு போதும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கரையான் வருகிறதா என்று அவ்வப்போது கிளறிப் பாருங்கள். கையால் கிளறாதீர்கள், தேள் இருக்கும்.

பீர்க்கு, புடலை, பாகல் வைப்பவர்களுக்குப் பானைப் பாசனம் நன்றாக உதவும். வண்ணம் பூசாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, சுற்றிலும் நான்கு விதை ஊன்றி, பானையில் தண்ணீர் நிரப்பி மூடிவிடுங்கள். மண் காயக் காயப் பானை கசியும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். நாள்பட்டு உப்புப் படிந்து கசிவு நின்றால் பானையை மாற்றுங்கள்.

இப்போது புது வீடுகளின் முன்னால் புல்தரையும் போடுகிறார்கள். ஒரு சென்ட் புல்தரை கோடையில் நாளொன்றுக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் கேட்கும். மழை குறைந்த நம் பகுதிக்கு இது தேவையா என்று யோசியுங்கள். ஆசையாக இருந்தால் நாலு முழத்துக்கு அருகம்புல் போதும். வெயிலில் பழுத்தாலும் மழைக்குத் துளிர்த்துவிடும். ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குலம் விடுங்கள். வேர் ஆழமாகப் போகும்.

பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும், கீரைக்கு வேண்டாம். துணி துவைத்த சோப்புத் தண்ணீரைத் தொடர்ந்து ஒரே இடத்தில் விட்டால் மண் இறுகிவிடும். வாய்க்காலை வாரம் ஒரு பக்கமாகத் திருப்புங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் மொட்டைமாடிக் குழாயையும் சரி பார்த்துவிடுங்கள். 500 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 460 லிட்டர் விழும். முதல் மழை அழுக்கைக் கழுவிப் போகட்டும். அடுத்த மழையிலிருந்து தொட்டியில் பிடியுங்கள். தொட்டி நிறைந்த பிறகு வரும் தண்ணீரைப் போர்வெல்லுக்குள் நேராக விடாமல், பக்கத்தில் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழி எடுத்து அதில் இறக்குங்கள்.