விண்டோஸ் 98ஐ மாற்றாமல் தமிழ் படித்தவர்கள்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு ஏறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, "மாத்திரலாமா, இல்ல இப்படியே ஓட்டிரலாமா?" என்று பல வீடுகளில் யோசிக்கிறார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. இருபது வருடங்களுக்கு முன்பு இதே கேள்வி வந்தபோது, மாற்றாதவர்களின் திரையில் தமிழே தெரியாமல் போனது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். அந்தக் கட்டங்களை எழுத்தாக்கியவர்களில் முக்கியமான ஒருவர், பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி.

கட்டங்கள் ஏன் வந்தன என்பதிலிருந்து தொடங்கலாம்.

விண்டோஸ் 95, 98 இரண்டும் அடிப்படையில் 256 இடங்கள் கொண்ட எழுத்து அட்டவணைகளை நம்பி இயங்கியவை. ரஷ்ய மொழிக்கு ஓர் அட்டவணை, அரபிக்கு ஒன்று, தாய் மொழிக்கு ஒன்று என்று மைக்ரோசாஃப்ட் வைத்திருந்தது. தமிழுக்கு வைக்கவில்லை. அதனால் நம்மாட்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து எழுத்துரு செய்தார்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால், கணினியின் நினைவில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருக்கும் கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் அர்த்தமில்லாத ஆங்கிலக் குப்பை.

இதில் ஒவ்வொருவரும் தனித்தனி வழியில் போனார்கள். ஒரு பத்திரிகைத் தளத்தைப் படிக்க ஓர் எழுத்துருவை இறக்க வேண்டும், அடுத்த பத்திரிகைக்கு இன்னொன்று. இதை ஒழுங்குபடுத்த 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்'99 மாநாடு நடந்தது. அதன் விளைவாகத் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. இணையத்தில் தன்னார்வலர்கள் கூடி உருவாக்கிய திஸ்கி என்ற குறியீடு இன்னொரு பக்கம் பரவியது. தரப்படுத்தப் போய், தரங்களே இரண்டு மூன்றாகி நின்றன.

இவை எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது யூனிகோட். உலக மொழிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே அட்டவணை. அதில் தமிழுக்கு 1991லேயே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுவிட்டன. ஆனால் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோட் 'க', அதன் பின்னால் ஒகரக் குறி என்று சேமிக்கிறது. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, பாதி ககரத்துக்கு முன்னாலும் பாதி பின்னாலும் போய் நிற்க வேண்டும். அதைச் செய்ய ஒரு தனி மென்பொருள் அடுக்கு தேவை. அந்த அடுக்கையும் 'லதா' எழுத்துருவையும் சேர்த்து, மைக்ரோசாஃப்ட் முதன்முதலில் தமிழுக்கு இடம் கொடுத்தது விண்டோஸ் 2000இல். அடுத்து 2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்தது.

அப்போ எக்ஸ்பிக்கு மாறிவிட வேண்டியதுதானே? சொல்வது சுலபம். 98க்குக் குறைந்தபட்சம் 16 எம்பி ரேம் போதும். எக்ஸ்பி 64 எம்பி கேட்டது. ஒழுங்காக ஓட 128 வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. பழைய பெட்டியில் அதை ஏற்றினால் மூச்சு வாங்கும். ஏற்றிய பிறகும் தமிழ் தானாகத் தெரிந்துவிடாது. கன்ட்ரோல் பேனலில் சிக்கலான வரிவடிவங்களுக்கான ஒரு கட்டத்தை டிக் செய்ய வேண்டும். உடனே அது எக்ஸ்பி சிடியைக் கேட்கும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர் சிடிக்கு எங்கே போவார்? அந்த இயந்திரத்தின் அமைப்பில் கைவைக்கிற உரிமையே அவருக்குக் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. 2003 வாக்கில் தொடங்கிய அலை, 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைக் கொண்டுவந்ததும் வேகம் பிடித்தது. எழுதியவர்கள் யூனிகோடில் எழுதினார்கள். படிக்க வேண்டியவர்களில் பலர் 98இல் இருந்தார்கள்.

உமர்தம்பி இந்த இடைவெளியில் வேலை செய்தவர். 1953இல் பிறந்தவர். வளைகுடாவில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர். வெளிநாடு போய்ப் பிழைப்பவரைச் சபுராளி என்று சொல்லும் கரை அது. வீட்டுக்கு ஒருவராவது வெளியூரில் இருக்கிற ஊரில், தமிழில் ஒரு மின்னஞ்சல் ஒழுங்காகத் திறப்பது என்பது பொழுதுபோக்கு விஷயமில்லை. கடிதம் வருமா வராதா என்கிற விஷயம்.

அவர் செய்தது 'தேனீ' என்ற இயங்கு எழுத்துரு. மைக்ரோசாஃப்டின் ஈஓடி என்ற வடிவத்தில், எழுத்துருக் கோப்பை இணையப் பக்கத்தோடு பிணைத்துவிடலாம். வலைப்பதிவு எழுதுபவர் தன் வார்ப்புருவில் சில வரிகளை ஒட்டிவைத்தால் போதும். வாசகர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பக்கத்தைத் திறக்கும்போது எழுத்துருவும் கூடவே இறங்கி, அந்தப் பக்கத்துக்கு மட்டும் பயன்படும். எழுத்துகளை முன்பின் நகர்த்தி அடுக்குகிற மென்பொருள், எக்ஸ்ப்ளோரரின் புதிய பதிப்புகளோடு சேர்ந்தே 98க்கும் வந்திருந்தது. ஆகவே இயங்குதளத்தைத் தொட வேண்டாம், சிடி வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆங்கில விசைப்பலகையிலேயே ஒலிப்படி தமிழ் அடிக்க ஒரு செயலியையும் அவர் எழுதினார். எல்லாவற்றையும் இலவசமாகவே கொடுத்தார்.

இதில் ஒரு தெளிவான முடிவு இருக்கிறது. மாற வேண்டிய சுமையை அவர் வாசகரின் தலையிலிருந்து இறக்கி, எழுதுகிறவரின் பக்கம் வைத்தார். ஐயாயிரம் வாசகர்கள் ஐயாயிரம் கணினிகளை மாற்றுவதைவிட, ஒரு பதிவர் நாலு வரி ஒட்டுவது லேசு.

"பழசுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தால் யார்தான் புதுசுக்கு மாறுவார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதிராம்பட்டினம் வழியாகப் போகிற திருவாரூர்–காரைக்குடி மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக்க எடுத்துக்கொண்ட வருடங்களை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுப்பாருங்கள். 2019இல்தான் முழுப் பாதையிலும் திரும்ப ரயில் ஓடியது. அகலப் பாதை வேண்டாம் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. ஆனால் வேலை முடிகிற வரை ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் போக பஸ் வேண்டுமே. தேனீ அந்த பஸ். அது வாசகரைப் பழைய குறியீட்டிலேயே உட்காரவைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பெட்டி பழசு, ஆனால் அதில் அவர் படித்தது யூனிகோட் தமிழ்.

ஈஓடிக்கும் ஒரு குறை இருந்தது. அது எக்ஸ்ப்ளோரரைத் தவிர வேறெதிலும் வேலை செய்யாது. 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தபோது, அதில் தேனீ இறங்கவில்லை. ஒரு நிறுவனத்தின் வசதியை நம்பிக் கட்டியது அந்த நிறுவனத்தின் வாசலுக்குள்தான் நிற்கும்.

2006 ஜூலை 11 அன்று விண்டோஸ் 98க்கான ஆதரவு முடிந்தது. மறுநாள், ஜூலை 12, உமர்தம்பி காலமானார். அவருக்கு வயது 53.

அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றது. யூனிகோட் பயன்படாத இடங்களுக்கு டேஸ்16. 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பியின் ஆதரவும் முடிந்தது. அந்தச் சமயத்தில் அரசு அலுவலகங்களை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது தமிழ்நாடு அரசு. டிடிபி கடைகள் மட்டும் பல காலம் அசையவில்லை. கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் பேஜ்மேக்கரில், பழைய எழுத்துருவில் இருந்தன. இயங்குதளத்தை மாற்றினால் இருபது வருட வேலை திறக்காமல் போய்விடுமோ என்ற பயம் சோம்பேறித்தனம் ஆகாது.

இன்றைக்கு உங்கள் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு வருவோம். விண்டோஸ் 10 நாளைக்கே நின்றுவிடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாமல் அதில் பேங்க் வேலை பார்ப்பதுதான் ஆபத்து. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை கூடுதல் திருத்தங்கள் உண்டு. லினக்ஸுக்குப் போகலாம். முடிந்தவர் புதுசு வாங்கலாம். இவற்றில் எது சரி என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

ஆனால் எதைச் செய்வதற்கு முன்னாலும் பழைய கோப்புகளை ஒரு தடவை திறந்து பாருங்கள். அப்பா பாமினியில் அடித்துவைத்த குடும்ப வரலாறு, திஸ்கியில் கிடக்கும் கடிதங்கள், பள்ளிவாசல் கணக்கு, கோயில் கணக்கு. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இயங்குதளத்தை அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம். எந்த எழுத்துருவில் அடித்தது என்று நினைவிருக்கும் ஆள் போய்விட்டால், கோப்பைத் திறந்தாலும் படிக்க முடியாது.

உமர்தம்பியின் ஈஓடி கோப்பை இன்றைய உலாவிகள் திறப்பதில்லை. அந்த எழுத்துருவை ஒட்டி எழுதப்பட்ட 2005ஆம் வருடத்துப் பதிவுகளில் அழிக்கப்படாமல் இருப்பவை, நம் கையிலிருக்கும் ஃபோனிலேயே எந்தக் கட்டமும் இல்லாமல் திறக்கின்றன.