மலைப்பாதைப் பராமரிப்புத் தன்னார்வப் பணி

மலைப்பாதைப் பராமரிப்புத் தன்னார்வப் பணி என்பது மலையேறும் பாதைகளையும் படிவழிகளையும் ஊதியம் பெறாமல் சீர்செய்து காக்கும் பணியாகும். மண்ணரிப்பைத் தடுத்தல், வடிகால்களைத் தூர்வாருதல், வழியை மறைக்கும் புதர்களை வெட்டுதல், குப்பைகளை அகற்றுதல் ஆகியன இதில் அடங்கும். பாதை வனப்பகுதியில் உள்ளதா, தொல்லியல் சின்னத்தில் உள்ளதா என்பதைப் பொறுத்துத் தன்னார்வலர் செய்யத்தக்க பணிகள் வேறுபடுகின்றன.

பாதைகள் பழுதடையும் விதம்

மலைப்பாதைகள் பழுதடைய முதன்மைக் காரணம் நீர் ஆகும். பாதையின் நீளவாக்கில் ஓடும் மழைநீர் மண்ணை அரித்து, நாளடைவில் பாதையையே ஓடையாக்கிவிடுகிறது. இதைத் தவிர்க்கப் பாதையின் வெளியோரம் சற்றே தாழ்வாக அமைக்கப்படுகிறது. செங்குத்தான இடங்களில் கல்லையோ மரத்தையோ குறுக்கே சாய்வாகப் பதித்து, நீரை ஓரத்திற்குத் திருப்புவர்.

பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியை மிஞ்சக்கூடாது என்பது பாதை அமைப்போர் பின்பற்றும் ஒரு விதி. எடுத்துக்காட்டாக, 20 விழுக்காடு சரிவுள்ள மலையில் பாதையின் ஏற்றம் 10 விழுக்காட்டிற்குள் இருத்தல் வேண்டும். மிஞ்சினால் நீர் பாதையைக் கடந்து செல்லாமல் பாதை வழியே இறங்கும். வளைவுகளைத் தவிர்த்து நேராக இறங்குவோர் உண்டாக்கும் குறுக்குத் தடங்களிலும் இதுவே நிகழ்கிறது. எனவே அத்தடங்களை அடைப்பதும் பராமரிப்பில் அடங்கும். வடிகால்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தூர்ந்துபோவதால், இப்பணி ஒருமுறையோடு முடிவதில்லை.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை இப்பணிக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டாகும். பென்டன் மெக்காய் 1921-இல் முன்மொழிந்த இப்பாதை 1937-இல் நிறைவுற்றது. 14 மாநிலங்கள் வழியே ஏறத்தாழ 3,500 கி.மீ. செல்லும் இப்பாதையைத் தன்னார்வலர் கழகங்கள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு பராமரிக்கின்றன.

இந்தியாவில் மராட்டிய மாநிலத்துக் கோட்டைகளில் தன்னார்வக் குழுக்கள் வழிகளையும் பழைய நீர்த்தொட்டிகளையும் துப்புரவு செய்து வருகின்றன. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் மாவட்டத்து வெள்ளியங்கிரி மலையில் பக்தர்கள் விட்டுச்செல்லும் நெகிழிக் கழிவுகளை அகற்றுவதில் தன்னார்வலர்கள் பங்கேற்கின்றனர். தமிழக வனத்துறை 2024-இல் 40 மலையேற்றப் பாதைகளைக் கொண்ட திட்டமொன்றைத் தொடங்கியது.

செஞ்சிக் கோட்டையில்

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரயான் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளைச் சுற்றி அமைந்தது. ஏறத்தாழ 240 மீட்டர் உயரமுள்ள இராஜகிரிக்கு ஏறும் வழி பெரும்பாலும் கற்படிகளால் ஆனது. உச்சிக்கு முன்னுள்ள பிளவு ஒரு சிறு பாலத்தால் கடக்கப்படுகிறது. இக்கோட்டை 2025-இல் மராட்டியர் படைத்துறை நிலவமைப்புகளுள் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதில் இடம்பெற்ற 12 கோட்டைகளுள் மராட்டிய மாநிலத்திற்கு வெளியே உள்ளது இது ஒன்றே.

இங்கு படிகளே தொல்லியல் சின்னத்தின் பகுதியாகும். சரிந்த கல்லை நல்லெண்ணத்தோடு எடுத்து வேறிடத்தில் வைத்தாலும் அதன் பழைய அமைப்பு பற்றிய சான்று அழியும். கல்லிடுக்கில் வேரூன்றிய செடியை வலிந்து பிடுங்கினால் கற்கள் இடம்பெயரும். சிமெந்துப் பூச்சும் பழைய கட்டுமானத்திற்குப் பொருந்துவதில்லை. 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்துவது குற்றமாகும். 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், இதற்கு 2 ஆண்டு வரை சிறையோ 1 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம்.

ஆகவே இத்தகைய இடங்களில் கல்லையும் வேரையும் தொடும் பணிகள் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்திற்கு உரியவை. தன்னார்வலர்கள் அனுமதி பெற்றுக் குப்பைகளை அகற்றலாம். உணவுக் கழிவுகள் குரங்குகளை ஈர்ப்பதால் இது இன்றியமையாதது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அசைந்த படிகளையும் அடைபட்ட நீர்வழிகளையும் ஒளிப்படம் எடுத்து அலுவலர்களுக்குத் தெரிவிப்பதும் பயனுள்ள பணியாகும்.