பழவேற்காடும் பத்தாவியாவும்: ஒரே கம்பெனியின் இரு தலைநகரங்கள்

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் அமைந்துள்ள பழமையான கடற்கரை ஊராகும். சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கி.மீ. தொலைவில், கடலும் உப்பங்கழியும் சந்திக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இவ்வூர் உள்ளது. இன்று மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் பூநாரைகளுக்கும் பெயர்பெற்ற இவ்வூர், 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக விளங்கியது. அதே நூற்றாண்டில் ஆசியா முழுவதற்குமான டச்சுத் தலைமையிடம் சாவகத் தீவில் இருந்த பத்தாவியா ஆகும். அதுவே இன்றைய ஜகார்த்தா.

இரு ஊர்களிலும் அக்காலத்துச் சின்னங்கள் எஞ்சியுள்ளன. ஜகார்த்தாவின் பழைய நகரத்தைச் சுற்றுலாப் பயணிகள் திரளாகச் சென்று பார்க்கின்றனர். பழவேற்காட்டுக்கு வருவோர் பெரும்பாலும் ஏரியைப் பார்த்துவிட்டு, மீன் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். ஆனால் இவ்விரு ஊர்களின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னியது. ஓர் ஊரில் காணக் கிடைக்காததை மற்றதில் தேட வேண்டியிருக்கிறது.

டச்சுக்காரர் வருகை

பழவேற்காடு டச்சுக்காரர்களால் உருவான ஊர் அன்று. விசயநகர ஆட்சிக் காலத்திலேயே இது பெயர்பெற்ற துறைமுகம். இங்கிருந்து துணிகள் மலாக்காவுக்கும் பிற கீழைத் துறைமுகங்களுக்கும் சென்றன. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இங்கே வந்து குடியேறினர்.

1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1605இல் மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்தது. பின்னர் தெற்கே நகர்ந்து, 1610இல் விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் பழவேற்காட்டில் வணிகம் செய்ய அனுமதி பெற்றது. சாந்தோமில் இருந்த போர்த்துகீசியருக்கு இது பிடிக்கவில்லை. 1612இல் அவர்கள் தாக்குதல் நடத்தி டச்சுப் பண்டகசாலையை அழித்தனர். அதன் பிறகே, 1613இல், டச்சுக்காரர் இங்கே கோட்டை கட்டிக்கொண்டனர். அதற்குக் கெல்டிரியா என்று பெயரிட்டனர். அப்போதைய டச்சு நிருவாகி வெம்மர் வான் பெர்க்கெம் பிறந்த கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயர் அது.

மாணவர்கள் இங்கே ஒரு காலக்கணக்கைக் கவனிக்கலாம். ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றது 1639இல். கெல்டிரியா கோட்டை அதற்கு 26 ஆண்டுகள் மூத்தது. இடையில் சில ஆண்டுகள் ஆங்கிலேயரும் பழவேற்காட்டில் டச்சுக்காரரோடு பங்கு வணிகம் செய்து பார்த்தனர். அது ஒத்துவராமல், வடக்கே துர்க்கராசப்பட்டினத்துக்குச் சென்று, அங்கும் நிலைக்க முடியாமல்தான் சென்னைக்கு வந்தனர். பழவேற்காட்டில் இடம் கிடைக்காததும் சென்னை பிறந்த கதையின் ஒரு பகுதியே.

துணி, மிளகு, வெடிமருந்து

ஐரோப்பியர் கீழை நாடுகளுக்கு வந்தது நறுமணப் பொருள்களைத் தேடி. கிராம்பும் சாதிக்காயும் விளைந்தவை மொலுக்கஸ் தீவுகளிலும் பண்டா தீவுகளிலும். அத்தீவு மக்களுக்கு ஐரோப்பியச் சரக்குகளில் பெரிய நாட்டம் இல்லை. அவர்கள் விரும்பியது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளை. சாயவேரில் தோய்த்த சிவப்பு நிறம் எளிதில் வெளுக்காது என்பது இத்துணிகளின் சிறப்பு. எனவே இங்கே துணி வாங்கி, தீவுகளில் அதைக் கொடுத்து, நறுமணப் பொருள் பெறுவதே வணிக முறையாயிற்று. சோழமண்டலக் கரையை மொலுக்கஸ் தீவுகளின் இடக்கை என்று ஹென்ட்ரிக் பிரவுவர் என்ற டச்சு அதிகாரி 1612இல் குறிப்பிட்டதன் பொருள் இதுவே.

1619இல் யான் பீட்டர்சோன் கூன் என்பவர் சாவகத் தீவின் ஜயகர்த்தா நகரை அழித்து, அவ்விடத்தில் பத்தாவியாவை நிறுவினார். அதன் பிறகு பழவேற்காட்டு நிருவாகம் பத்தாவியாவின் ஆணைக்குக் கட்டுப்பட்டு நடந்தது. என்ன நிறத்தில், எத்தனை கட்டுத் துணி வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து வரும். அது தரகர்கள் வழியாக ஊர் ஊராக நெசவாளர்களுக்குப் போகும். பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, துணிக் கட்டுகள் படகுகளில் ஏற்றிச் செல்லப்படும். கோட்டையில் நாணயச் சாலை இருந்தது. இங்கு செய்யப்பட்ட வெடிமருந்தும் பத்தாவியாவுக்குச் சென்றது.

இந்த வணிகத்தின் அடையாளம் ஒன்று இன்றும் மக்களின் இடுப்பில் இருக்கிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட பருத்திக் கைலியைப் பெலெக்காட் அல்லது பெலிக்காட் என்கின்றனர். பழவேற்காட்டின் பெயரே கடல் கடந்து அவ்வாறு திரிந்தது. ஜகார்த்தாவில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் செல்லும் ஒருவர் அந்தக் கைலியைக் கட்டும்போது, திருவள்ளூர் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரைச் சொல்கிறோம் என்பதை அறிந்திருக்க மாட்டார்.

அடிமை வணிகம்

துணி மட்டும் ஏற்றப்படவில்லை; மனிதர்களும் ஏற்றப்பட்டனர். 1620கள் தொடங்கி 1660கள் வரை சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக டச்சுக் கப்பல்களில் கொண்டுசெல்லப்பட்டனர். அதில் பழவேற்காடு முக்கிய இடம் வகித்தது. மழை பொய்த்த ஆண்டுகளிலும் போர் நடந்த ஆண்டுகளிலும் இவ்வணிகம் பெருகியது. பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாதவர்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். பத்தாவியாவில் அவர்கள் வீட்டு வேலையிலும் கட்டட வேலையிலும் பட்டறைகளிலும் உழைத்தனர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பத்தாவியா மதிலுக்குள் வாழ்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அடிமைகள். வங்காளம், மலபார், சோழமண்டலம், பாலி, செலிபிஸ் எனப் பல இடங்களைச் சேர்ந்தவர்கள் அவர்களுள் இருந்தனர்.

தலைமையிடத்தின் வீழ்ச்சி

1690இல் சோழமண்டலத் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றப்பட்டது. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பழவேற்காடும் அதன் பின் சிலமுறை கைமாறி, 1824ஆம் ஆண்டின் ஆங்கிலோ-டச்சு உடன்படிக்கைப்படி 1825இல் ஆங்கிலேயரிடம் நிலையாக ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கெல்டிரியா கோட்டை இடிக்கப்பட்டுவிட்டது.

பத்தாவியாவின் கோட்டையும் தப்பவில்லை. ஆளுநர் டேண்டல்ஸ் நோய் மிகுந்த பழைய நகரை விட்டுத் தெற்கே புதிய குடியிருப்பு அமைத்தபோது, 1809 வாக்கில் அக்கோட்டையை இடித்து அதன் கற்களைப் புதிய கட்டடங்களுக்குப் பயன்படுத்தினார். ஒரே கம்பெனியின் இரு கோட்டைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மறைந்தன. அதன் பின் எஞ்சியதை எப்படிப் பேணினார்கள் என்பதில்தான் இரு ஊர்களும் வேறுபடுகின்றன.

பழவேற்காட்டில் காண வேண்டியவை

டச்சுக் கல்லறைத் தோட்டம்: இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நுழைவாயிலில் செதுக்கப்பட்டுள்ள எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் பலரையும் திடுக்கிட வைக்கும். அவை அச்சுறுத்துவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. வாழ்வு நிலையாமையை உணர்த்தும் அக்கால ஐரோப்பிய மரபைச் சேர்ந்தவை. உள்ளே கல் பலகைகளில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன.

கோட்டை இருந்த இடம்: இன்று மேடும் புதரும், அகழியின் தடமுமே உள்ளன. கோட்டையைக் காணலாம் என்று எண்ணிச் செல்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அகழியின் தடத்தைத் தொடர்ந்து நடந்தால் கோட்டையின் பரப்பை ஓரளவு மனத்தில் வரையலாம்.

ஆதிநாராயணப் பெருமாள் கோயில்: செம்புரைக்கல்லால் கட்டப்பட்டது. இராமாயணக் காட்சிகள் சிறு சிறு சிற்பங்களாக இங்கே அமைந்துள்ளன. டச்சுக்காரர் வருமுன்பே ஊர் செழித்திருந்ததற்கு இது சான்று.

பள்ளிவாசல்கள்: கடல் வணிகத்தில் ஈடுபட்டிருந்த முஸ்லிம் குடும்பங்கள் நெடுங்காலமாக இவ்வூரில் வாழ்கின்றன. சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறிய உதவிய நிழற்கடிகாரம் உள்ளது. இங்குள்ள பெண்கள் பனையோலையில் செய்யும் பெட்டிகளும் கூடைகளும் பெயர்பெற்றவை.

மகிமை மாதா ஆலயம்: போர்த்துகீசியர் காலத்தோடு தொடர்புடைய கிறித்தவத் திருத்தலம்.

ஏரி: ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. ஸ்ரீஹரிகோட்டா தீவு இதனை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் இதில் கலக்கின்றன. குளிர்காலத்தில் பூநாரை உள்ளிட்ட பறவைகள் பெருமளவில் வருகின்றன.

ஜகார்த்தாவில் காண வேண்டியவை

பழவேற்காட்டு வரலாற்றின் மறுபாதியை ஜகார்த்தாவில் காணலாம். அங்குப் பழைய நகரப் பகுதியைக் கோத்தா துவா என்பர். அதன் நடுவில் பத்தாஹில்லா சதுக்கம் உள்ளது. 1710இல் கட்டி முடிக்கப்பட்ட நகர மன்றக் கட்டடம் 1974 முதல் ஜகார்த்தா வரலாற்று அருங்காட்சியகமாக இயங்குகிறது. அதன் அடியில் உள்ள சிறை அறைகளையும் பார்வையாளர் காணலாம். சுந்தா கெலாப்பா துறைமுகத்துக்கு அருகில், கம்பெனியின் பழைய கிடங்குகள் கடல்சார் அருங்காட்சியகமாகியுள்ளன. கப்பலில் வந்த சரக்குகள் இத்தகைய கிடங்குகளில்தான் அடுக்கி வைக்கப்பட்டன.

இவற்றைவிட நமக்கு நெருக்கமானவை இரண்டு உண்டு. ஒன்று, 1695இல் திறக்கப்பட்ட சீயோன் தேவாலயம். விடுதலை பெற்ற அடிமைகளும் அவர்கள் வழிவந்தவர்களுமான மார்டைக்கர் என்னும் மக்களுக்காக, நகர மதிலுக்கு வெளியே இது கட்டப்பட்டது. அவர்களின் முன்னோரில் இந்தியக் கரைகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் பலர். மற்றொன்று, இந்திய முஸ்லிம்கள் வாழ்ந்த பெக்கோஜான் பகுதி. அங்குள்ள அல் அன்சோர் பள்ளிவாசல் 1648இல் அவர்களால் கட்டப்பட்டது.

பழவேற்காட்டின் கல்லறைகளில் டச்சு வணிகர்களின் பெயர்களும் அவர்கள் குடும்பத்தார் பெயர்களும் உள்ளன. துணி நெய்தவர் பெயர் இல்லை. சாயம் தோய்த்தவர் பெயர் இல்லை. கப்பலேற்றப்பட்டவர் பெயரும் இல்லை. கைலியின் பெயரிலும், தீவின் ஒரு தேவாலயத்திலும், ஒரு பள்ளிவாசலிலுமே இம்மக்களின் சுவடு தெரிகிறது. ஆகவே இக்கல்லறைத் தோட்டத்தைக் காட்டும் ஆசிரியர்கள், அங்கே யார் புதைக்கப்பட்டுள்ளனர் என்பதோடு, யாருக்கு அங்கே கல் இல்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இன்றைய நிலை

ஜகார்த்தாவில் அருங்காட்சியகங்கள் உண்டு, வழிகாட்டிகள் உண்டு. பழவேற்காட்டில் உப்புக் காற்று கல்லெழுத்துகளை ஆண்டுதோறும் அரித்து வருகிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது என்று 2010ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கூறுகிறது. ஆனால் சட்டம் சுவரைக் காக்கும். அதன் கதையைக் காக்க மக்கள் வேண்டும்.

ஏரியின் நிலையும் கவலைக்குரியதே. முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொள்ளும்போது கடல்நீர் உள்ளே வருவது தடைப்படுகிறது. மீன்வளம் குறைகிறது. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளிப் பகுதிகளில் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் உள்ளன. மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. வேலைவாய்ப்பு தேவைதான். அதே வேளையில், ஏரியை நம்பி வாழும் மீனவர்கள், யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்பதைப் பாடு என்னும் முறையால் தமக்குள் பகிர்ந்து வந்துள்ளனர். கல்லறையைப் போலவே இந்த முறையும் ஒரு மரபுச் செல்வம். அது உயிரோடு இருப்பது என்பது கூடுதல் சிறப்பு.

செல்வோர் கவனத்திற்கு

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் செல்லலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை பறவைகளைக் காண ஏற்ற காலம். 2011 டிசம்பர் 25 அன்று ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனவே அனுமதி பெறாத படகில் ஏறக் கூடாது.

கல்லறைகளின் மீது ஏறி நிற்பதையும், எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணாம்பு பூசுவதையும் தவிர்க்க வேண்டும். காலை அல்லது மாலையில் சாய்வான வெயில் விழும்போது படம் எடுத்தால் எழுத்துகள் தாமே தெளிவாகத் தெரியும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரப் பள்ளிகள் ஒவ்வோர் ஆண்டும் இவ்வாறு படமெடுத்து, தேதியிட்டுச் சேர்த்து வைக்கலாம். அத்துடன் ஊரிலுள்ள முதியோரிடம் நெசவு, கடல் வணிகம், பாடு முறை பற்றிக் கேட்டு எழுதி வைக்கலாம். செலவில்லாத வேலை இது. கல்லில் பெயர் இல்லாதவர்களின் வரலாற்றுக்கு இத்தகைய குறிப்பேடுகளே நாளை சான்றாகும்.