ஒற்றாடலும் கண்ணோட்டமும்

திருவள்ளுவர் பொருட்பாலில் அரசனுக்குரிய குணங்களை வகுத்துச் செல்லுமிடத்தில், கண்ணோட்டம் என்னும் 58-ஆம் அதிகாரத்தை முடித்த கையோடு ஒற்றாடல் என்னும் 59-ஆம் அதிகாரத்தைத் தொடங்குகிறார். இரக்கத்தைப் பேசிய வாய் உடனே வேவு பார்ப்பதைப் பேசுவது, மேலோட்டமாகப் படிப்பவருக்குப் பொருந்தாத வைப்புமுறையாகத் தோன்றலாம். ஆனால் கொழும்பு மாநகரின் வடபாகத்துக் கொட்டாஞ்சேனையிலும் தென்பாகத்து வெள்ளவத்தையிலும் நம் மக்கள் கண்டும் அனுபவித்தும் வந்தவற்றை நினைத்துப் பார்ப்போருக்கு, அந்த வைப்புமுறையின் நியாயம் தெளிவாக விளங்கும். குற்றவாளியை அவன் குடியிருக்கும் தெருவினின்று பிரித்தறிய வல்ல அரசே அந்தத் தெருவின் மீது இரக்கம் காட்டவும் வல்லது. பிரித்தறிய மாட்டாத அரசு தெரு முழுவதையும் சந்தேகித்து, தெரு முழுவதையும் தண்டிக்கும்.

ஒற்று என்னும் சொல்லும் அந்தத் தொழிலும் நம்மிடையே மிகப் பழையவை. சிங்களத்தில் உளவுச் செய்தியை இன்றும் 'ஒத்து' என்று வழங்குவதைக் கேட்கும்போது, இரண்டு பாஷைகளுக்கும் இடையே இருந்த பழைய கொடுக்கல் வாங்கல் நினைவுக்கு வருகிறது. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் மாணாக்கன், துறவி, குடியானவன், வணிகன், தவசி என்று ஒற்றருக்குரிய வேஷங்களை ஒவ்வொன்றாக வகுத்து வைத்தது. வள்ளுவரோ வேஷத்தைச் சுருக்கமாகச் சொல்லி, கட்டுப்பாட்டை விரிவாகச் சொன்னார். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியலாகாது, மூவர் சொல் ஒத்தாலன்றி அதை மெய்யெனக் கொள்ளலாகாது, ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பை ஊரறியச் செய்யலாகாது என்பன அவர் விதித்த நியமங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, அதிகாரத்தின் முதற் குறளிலேயே, ஒற்றையும் புகழ்பெற்ற நீதிநூலையும் அரசனுடைய இரண்டு கண்களாக அவர் சேர்த்து வைத்திருக்கிறார். ஒற்றும் நூலும் சேர்ந்தாலே பார்வை என்பதை, பின்வரும் விருத்தாந்தங்களைப் படிக்கும்போது வாசகர் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

இலங்கைப் பொலிஸின் சரித்திரம் ஒரு கொள்ளைக் கூட்டத்தோடு பின்னிப் பிணைந்தே தொடங்குகிறது. கொழும்பு - கண்டிப் பெருவழியில், மாவனல்லைக்கு அண்மையிலுள்ள உத்துவான்கந்தைக் குன்றைத் தன் கோட்டையாகக் கொண்டு வழிப்பறி செய்துவந்த சரதியேல் என்பவனை, நெடுங்காலம் தேடியும் அரசாங்கத்தால் பிடிக்க முடியவில்லை. கடைசியில் அவனோடு பழகிய ஒருவன் கொடுத்த துப்பே அவன் ஒளிந்திருந்த வீட்டுக்குப் பொலிஸாரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1864-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் தேதி நடந்த அந்த மோதலில் துவான் சபான் என்னும் மலாய்க் கான்ஸ்டபிள் சுட்டுக் கொல்லப்பட்டார். கடமையில் உயிர்நீத்த முதற் பொலிஸ் சேவகர் என்று அவரை இலங்கைப் பொலிஸ் ஆண்டுதோறும் அதே நாளில் நினைவுகூர்கிறது. சரதியேலும் அவனுடைய தோழன் மம்மலே மரைக்காரும் அவ்வாண்டு மே 7-ஆம் தேதி கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். துப்புக் கொடுத்தவனுடைய பெயரை நினைவுகூரும் விழா எதுவும் இல்லை. ஒற்றனுக்குரிய சிறப்பை ஊரறியச் செய்யலாகாது என்ற பழைய நியமம் அங்கே தானாகவே நிறைவேறிவிட்டது.

மறு ஆண்டில், அதாவது 1865-இல், 16-ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1866-ஆம் ஆண்டு செப்டெம்பர் 3-ஆம் தேதி, பம்பாய் மாகாணத்து இரத்தினகிரியில் படைப்பிரிவொன்றை நடத்திய அனுபவமுள்ள காம்பெல் துரை இலங்கைப் பொலிஸின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவர் எந்த மாகாணத்திலிருந்து வந்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஏனெனில், மாறுவேஷத்தில் மக்களிடையே உலாவும் பொலிஸ் அதிகாரிக்கு அக்காலத்தில் பிரசித்தமான உதாரணமாக விளங்கியவர் பம்பாய் நகரின் சார்ள்ஸ் ஃபோர்ஜெட் ஆவார். இந்தியாவிலேயே வளர்ந்து சுதேச பாஷைகளைச் சுதேசிகளைப் போலவே பேசக் கற்றிருந்த அவர், 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது பம்பாய்ச் சிப்பாய்கள் அந்தரங்கமாகக் கூடிய வீடொன்றின் சுவர்த் துளைகளில் காது வைத்து அவர்கள் ஆலோசனையைக் கேட்டறிந்தார். அவ்வாண்டு அக்டோபர் மாதம் அச்சதிக்காக இருவர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டனர். அவருடைய சாமர்த்தியத்தை வியக்கலாம். ஆயினும் அந்தச் சாமர்த்தியம் அந்நிய ஆட்சியின் கையாயுதமாயிருந்தது என்பதையும் மறத்தலாகாது. ஒற்றுத் தொழிலின் தர்மம் ஒற்றனுடைய திறமையில் மட்டும் இல்லை; அவன் யாருக்காக, எந்த நூலுக்குக் கட்டுப்பட்டு ஒற்றாடுகிறான் என்பதில் இருக்கிறது.

இனிக் கொட்டாஞ்சேனைக்கு வருவோம். துறைமுகத்தின் முதுகோடு ஒட்டிக் கிடக்கும் அந்தப் பகுதியில், புனித லூசியாள் பேராலயத்தின் மணியோசையும், பொன்னம்பலவாணேசுவரர் கோயில் மணியோசையும், தீபதுத்தாராம விகாரையின் பிரித்தோதலும், பள்ளிவாசலின் தொழுகை அழைப்பும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. கப்பற் சரக்கு ஏற்றி இறக்க வந்தவர்களும், செட்டியார் தெரு வியாபாரத்தை நம்பி வந்தவர்களும், மலையகத்தினின்று பிழைப்புத் தேடி இறங்கியவர்களும் நெருங்கிய வரிசைவீடுகளில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்த அந்த இடத்தில், ஒரே மனிதன் வாயில் தமிழும் சிங்களமும் மாறி மாறி வருவது சகஜம். இத்தகைய இடத்திலே வேற்று மனிதன் ஒருவன் வேஷம் போட்டுப் புகுவது எளிய காரியமன்று. வெள்ளவத்தையில், அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கிடையே இயல்பாகக் கேட்கும் பேச்சு, கொட்டாஞ்சேனைச் சந்தியில் இரண்டு வசனத்துக்குள் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். சாரத்தைக் கட்டும் விதமும், தேநீர்க்கடையில் கடன் சொல்லும் விதமும், பெரியவரை நானா என்றோ அண்ணை என்றோ ஐயா என்றோ விளிக்கும் விதமும் அங்கே ஒரு மனிதனுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள். ஆகவேதான் சிவில் உடுப்பு அணிந்த பொலிஸ்காரன் தனியே போய்ச் சாதிக்கக் கூடியது கொஞ்சமாகவும், அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த துப்பாளியின் துணையோடு சாதிக்கக் கூடியது அதிகமாகவும் இருந்து வருகிறது.

பழைய நாளில் இத்தகைய வட்டாரங்களின் குற்ற உலகம் சண்டியர்களைச் சுற்றியே சுழன்றது. கசிப்புக் காய்ச்சுவோர், சூதாட்டக் கொட்டில் நடத்துவோர், கடைக்காரரிடம் கப்பம் வாங்குவோர் என்று அவர்களை ஊரே அறிந்திருந்தது; அறிவதற்காக ஒருவர் வேஷம் போட வேண்டியிருக்கவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து ஹெரோயின் வந்து சேர்ந்தபோது அந்த நிலைமை மாறிற்று. 'குடு' என்று நகரம் பெயரிட்ட அந்தத் தூள், சட்டைப்பைக்குள் அடங்கும் அளவிலேயே பெரும் பணத்தை அடக்கியிருந்தது. அதன் முதலாளி தெருவுக்கு வருவதேயில்லை. விற்பவனுக்கு அவனுக்கு மேலுள்ளவனைத் தவிர வேறு எவனையும் தெரியாது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1973-இல், பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகம் அமைக்கப்பட்டிருந்தது. 1929-ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1984-இல் திருத்தப்பட்டு, 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருந்தவனுக்கு மரணதண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்கலாம் என்றாயிற்று. தண்டனை இவ்வளவு கடுமையானபோது, வாங்குபவனைப் போல நடித்துச் செல்லும் அதிகாரியின் சாட்சியத்தில் ஒரு மனிதனுடைய உயிரே தொங்கலாயிற்று.

இங்கேதான் நூல் என்னும் இரண்டாவது கண் வேண்டியதாகிறது. 1895-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டம் இந்த விஷயத்தில் தீர்க்கதரிசனத்தோடு வகுக்கப்பட்டது. குற்றம் நிகழ்ந்ததைத் தனக்கு யார் சொன்னார் என்று வெளியிடும்படி பொலிஸ் அதிகாரியை வற்புறுத்தலாகாது என்று அதன் 125-ஆம் பிரிவு துப்பாளியைக் காக்கிறது. குற்றத்தில் உடந்தையாயிருந்தவனுடைய சாட்சியம் செல்லும் என்று 133-ஆம் பிரிவு கூறுகிறது. வேறு ஆதாரம் துணைநில்லாதபோது அவன் சொல்லை நம்பத்தகாததென நீதிபதி கருதலாம் என்று 114-ஆம் பிரிவின் விளக்கம் எச்சரிக்கிறது. இலஞ்ச வழக்குகளிலும் இதே ஜாக்கிரதையைக் காணலாம். முறைப்பாட்டாளரின் உறவினனைப் போல உடன்செல்லும் பொலிஸ் சேவகர், இலஞ்சம் கேட்கப்பட்டதைத் தம் காதாற் கேட்டுப் புதுக்கடை நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லை மற்றொருவர் சொல்லோடு ஒத்துப் பார்த்தே நீதிமன்றம் முடிவுக்கு வரும். மூவர் சொல் ஒத்தாலன்றி நம்பாதே என்ற குறளின் நியமம் வேறு உருவத்தில் அங்கே வாழ்கிறது.

வேஷத்துக்குள் வாழும் மனிதன் கொடுக்கும் விலையை அறிய, அயல்நாட்டு உதாரணம் ஒன்று போதும். அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் ஜோசப் பிஸ்தோன் என்பவர் 1976 முதல் 1981 வரை டோனி பிராஸ்கோ என்னும் பொய்ப்பெயரில் நியூயோர்க் மாஃபியாவின் போனானோ குடும்பத்துக்குள் வாழ்ந்தார். அவர் கொணர்ந்த சாட்சியத்தால் நூற்றுக்கு மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். அவர் தலைக்கு விலை வைக்கப்பட்டது. மனைவி மக்களும் பெயர் மாற்றி வாழ நேர்ந்தது. அவரை நம்பித் தன் கூட்டத்துக்குள் சேர்த்துக்கொண்ட நப்பொலித்தானோ என்பவனை அவனுடைய கூட்டத்தாரே 1981-இல் கொன்றனர். கொல்லப்பட்டவன் குற்றவாளிதான்; ஆயினும், ஒருவனுடைய நட்பைச் சம்பாதித்து அந்த நட்பையே அவனுக்கு எதிரான சாட்சியாக்குவது மனித சுபாவத்தின் மீது ஏற்றப்படும் பெரும் பாரம். அந்தப் பாரத்தை ஒரு மனிதன் மேல் ஏற்றும் அரசு, அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் ஆயுள் முழுவதும் கடன்பட்டதாகிறது.

கொழும்பில் அந்த ஆபத்து எத்துணை மெய்யானது என்பதை 2004-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி நாடு கண்டது. மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய, தம் வீட்டு வாசலிலேயே, காவலுக்கு நின்ற பொலிஸ் அதிகாரி உபாலி ரணசிங்கவோடு சுட்டுக் கொல்லப்பட்டார்; போதைப்பொருள் வியாபாரி ஒருவனும் அவனுடைய கூட்டாளிகளும் அடுத்த ஆண்டு அதற்காக மரணதண்டனை பெற்றனர். பகிரங்கமாகத் தீர்ப்பளிக்கும் நீதிபதிக்கே இந்தக் கதியென்றால், பெயரற்றுத் தெருவில் நிற்கும் துப்பாளியின் நிலையை விவரிக்க வேண்டியதில்லை.

இதைவிடக் கொடியது மற்றொன்று உண்டு. பொலிஸ் பாதாள உலகத்துக்குள் நுழையும் அதே வழியாகப் பாதாள உலகமும் பொலிஸுக்குள் நுழைகிறது. கைப்பற்றிய போதைப்பொருளையே வெளியில் விற்றதாக, 2020-இல் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்தின் அதிகாரிகள் பத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். அதற்கு முன்னர், யுத்தத்தின் இறுதிக் கட்டமான 2008, 2009-ஆம் ஆண்டுகளில், கொழும்பிலும் சூழலிலும் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமற்போயினர். கப்பம் பெறுதற்காகக் கடற்படையைச் சேர்ந்த சிலரே அதைச் செய்தனர் என்பது குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தின் முன் வைத்த குற்றச்சாட்டு. ஒற்றினால் ஆராயத்தக்கவர் யார் என்று வரிசைப்படுத்திய வள்ளுவர், பகைவரை முதலிற் சொல்லவில்லை. அரசனிடம் தொழில் செய்வாரையே முதலிற் சொன்னார். அந்த வரிசையின் அருமையை, பிள்ளையைப் பறிகொடுத்து நீதிமன்ற வாசலில் ஆண்டுக்கணக்காய் நின்ற தாய்மார் எந்த உரையாசிரியரினும் நன்கு அறிவார்கள்.

மறுபக்கத்தில், ஒற்று என்னும் கண் குருடாகும்போது நேர்வதை வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஒரே நாளில் அனுபவித்தன. 2007-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி விடிவதற்கு முன்பு, விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர், தனித்தனியாக எந்தக் குற்றமும் சாட்டப்படாமலே, பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்தினின்று வெளியேற்றப்பட்டார்கள். வைத்தியத்துக்காகவும் வெளிநாட்டுப் பயணத்துக்காகவும் உத்தியோகத்துக்காகவும் வந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். குற்றவாளி இன்னான் என்று அறியாத அரசாங்கம், இன்ன பாஷை பேசுபவன் என்று அறிந்ததோடு திருப்தியடைந்தது. ஒற்றாடல் தவறியதனால் கண்ணோட்டமும் தவறிய நாள் அது. அந்த நாளை நினைக்குந்தோறும், வள்ளுவர் இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்ததன் பொருள் எனக்கு மேன்மேலும் தெளிவாகிறது.

நாடு கடந்த குற்றங்களுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் சாசனம், தன் 20-ஆம் உறுப்புரையில் மாறுவேஷப் புலனாய்வை ஏற்றுக்கொண்டிருக்கிறது. இலங்கை அந்தச் சாசனத்தை 2006-இல் உறுதிப்படுத்தியது. சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் பாதுகாக்கும் சட்டம் 2015-இல் முதன்முறையாக இயற்றப்பட்டு, 2023-இல் 10-ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்டது. இவை நல்ல ஆரம்பங்கள். ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. வேஷம் போட்டுப் போகும் அதிகாரி எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது, யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், எத்தனை காலத்துக்குப் பின் அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும் என்பவை நீதிமன்றத்தின் கண்காணிப்புக்கு உட்பட்ட விதிகளாக நடைமுறையில் நிலைபெற வேண்டும். கொட்டாஞ்சேனையின் தமிழையும் வெள்ளவத்தையின் தமிழையும் தாய்ப்பாலோடு அறிந்தவர்கள் பொலிஸ் சேவையில் போதிய அளவு சேர்க்கப்பட வேண்டும். தெருவின் பாஷை தெரியாதவனுக்குத் தெருவெல்லாம் ஒரே முகமாகத்தான் தெரியும். ஒற்றையும் நூலையும் இணைபிரியாமல் வைத்துக் காக்கும்படி ஆட்சியாளரைக் கேட்பது இந்நகரத்துக் குடிகளாகிய நம் ஒவ்வொருவருடைய உரிமை. அதை ஓயாமல் கேட்டுக்கொண்டேயிருப்பது நம் கடமை.