ஆக்சிஜனேற்ற அழுத்தக் குறிகாட்டிகள் (நீரிழிவு)

இரத்தச் சர்க்கரை மிகும்போது செல்களில் பெருகும் ஃப்ரீ ராடிக்கல்கள் விளைவிக்கும் சேதத்தை இரத்தத்தில் காட்டும் பொருட்கள். கொழுப்புச் சிதைவில் உண்டாகும் மலோன்டைஆல்டிஹைடு, சேதமுற்ற புரதங்களின் கார்போனைல் ஆகியவை நீரிழிவு உள்ளவர்களிடம் பொதுவாக உயர்ந்திருக்கும். செல்களைக் காக்கும் குளூட்டாதயோன் குறைந்திருக்கும்.

மலோன்டைஆல்டிஹைடை அறிய, பிளாஸ்மாவுடன் தயோபார்பிட்டூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்குவர். தோன்றும் இளஞ்சிவப்பு நிறத்தின் செறிவை 532 நானோமீட்டர் அலைநீளத்தில் அளப்பர். வேறு சில பொருட்களும் இந்நிறம் தருவதால் முடிவு தோராயமானதே.

சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் இக்குறிகாட்டிகள் மிகுந்தும், குரோமோசோம் முனைகளான டெலோமியர்கள் குறுகியும் காணப்பட்டன.

இக்குறிகாட்டிகள் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கே பயன்படுகின்றன. சிகிச்சையை வழிநடத்துபவை இரத்தச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி பரிசோதனைகளே.