படம் வரைந்தவர் பெயர் என்ன?



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் போன வாரம் போனில் பேசினார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாளாம். “குழந்தைங்க புத்தகத்துக்குப் படம் வரையறதுதான் என் வேலைன்னு ஒத்தக் கால்ல நிக்குது டீச்சர். அது சோறு போடுமா? நீங்க சொன்னா கேக்கும்” என்றார். போடும், போடாது என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தத் தொழிலில் நமக்கு முன்னால் இருந்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று தெரிந்தால் அவரே முடிவு செய்துகொள்வார். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் ஊர்ப் பெருமை. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922ல் பிறந்தது இராயவரத்தில். வாண்டுமாமா என்று தமிழ்நாடே அறிந்த வி. கிருஷ்ணமூர்த்தி 1925ல் பிறந்தது அரிமளத்தில். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். மூன்று வருட இடைவெளியில் இப்படி இரண்டு பேரைக் கொடுத்த மண் இது. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த கடைசிக் காலத்தில், 1940களில், இங்கிருந்து குழந்தைகளுக்கென்றே பத்திரிகைகள் வரிசையாக வெளிவந்தன. யுத்த காலக் காகிதக் கட்டுப்பாடு பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த அளவுக்கு இங்கே கழுத்தை நெரிக்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அந்தப் பத்திரிகைகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

எழுதியவர்கள் பெயர் நமக்குத் தெரியும். பாடப் புத்தகத்தில் வைத்தோம், பிறந்தநாள் கொண்டாடினோம், பேச்சுப்போட்டி நடத்தினோம். அந்தக் கதைகளுக்கும் பாட்டுகளுக்கும் படம் போட்டவர்கள் யார்? முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பெடுத்த என்னிடமே யாராவது கேட்டால் ஐந்து பெயர் சொல்வதற்குள் திணறிப்போவேன். இத்தனைக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை முதலில் படிப்பது படத்தைத்தான்.

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. சித்தன்னவாசலுக்கு உங்களை எத்தனை முறை சுற்றுலா கூட்டிப்போயிருப்பேன்! அந்தக் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்று அங்கே கல்வெட்டே இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுச் செய்தி. ஆசிரியர் பெயர் கல்லில் இருப்பதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் கூரையில் தாமரைக் குளத்தையும் மீனையும் யானையையும் தீட்டியவன் பெயர் அதில் இல்லை.

சரி, பத்திரிகைப் படத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் ஒரு படம் அச்சேறுவது லேசான காரியமல்ல. ஓவியர் இந்தியன் இங்கில் கொஞ்சம் பெரிய அளவில் வரைவார். அதைக் காமிராவில் சுருக்கிப் படம் பிடித்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரிக்க வைத்து, மரக்கட்டையில் ஆணி அடித்து பிளாக் செய்வார்கள். எழுத்து கோத்த பக்கத்துக்கு நடுவில் அந்தக் கட்டையை வைத்து முடுக்கினால்தான் படம் விழும். பிளாக் செய்யச் சதுர அங்குலக் கணக்கில் கூலி. படம் பெரிதானால் செலவு பெரிது. வண்ணம் வேண்டுமென்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி பிளாக். காலணா, அரையணாவுக்கு விற்கும் குழந்தைப் பத்திரிகை இதற்கெல்லாம் எங்கே போகும்? அதனால் படங்கள் சின்னதாக, ஒரே வண்ணத்தில் வந்தன. மெல்லிய கோடுகளை நெருக்கிப் போட்டால் மை அப்பிக்கொள்ளும் என்பதால் ஓவியர் தன் கையைக் கட்டிப்போட்டுத்தான் வரைந்தார். பழைய படங்களில் கோடு அத்தனை தெளிவாக இருப்பதற்கு அழகுணர்ச்சியோடு இந்தக் கணக்கும் காரணம்.

அதைவிடப் பெரிய இடி ஒன்று உண்டு. ஒரு முறை பிளாக் செய்துவிட்டால் அது அச்சகத்துச் சொத்து. முயலும் நரியும் வந்த ஒரு கதைக்குச் செய்த கட்டையை, முயலும் நரியும் வரும் வேறொரு கதைக்கும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். வரைந்தவருக்கு முதல் தடவை கொடுத்த கூலியோடு சரி. புத்தகம் பத்துப் பதிப்பு போனாலும் எழுத்தாளருக்கு ஏதாவது ராயல்டி வரலாம், ஓவியருக்கு வராது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் அம்புலிமாமா சங்கர். முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன். 1924ல் ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். சின்ன வயதிலேயே குடும்பம் சென்னைக்கு வந்து, முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் படித்தார். மற்றப் பிள்ளைகளைப் போல பி.ஏ. படிக்கப் போகாதே, ஓவியப் பள்ளியில் சேர் என்று அவரைத் திருப்பிவிட்டவர் அந்தப் பள்ளியின் டிராயிங் மாஸ்டர். (டிராயிங் மாஸ்டர் பீரியடைக் கடன் வாங்கிக் கணக்கு நடத்தும் என் சக ஆசிரியர்கள் இதைக் கவனிக்கவும்.) 1941ல் சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்தவர். படிப்பு முடித்து 1946ல் கலைமகளில் வேலை. மாதச் சம்பளம் 85 ரூபாய். பெரிய குடும்பம், அது பற்றவில்லை. பகலில் ஆபீஸ் வேலை, மற்ற நேரத்தில் வெளிப் பத்திரிகைகளுக்குப் படம் என்று ஓடியிருக்கிறார்.

1952ல் நாகிரெட்டியார் அவரை அம்புலிமாமாவுக்கு அழைத்துக்கொண்டார். அதன்பின் ஏறத்தாழ அறுபது வருடம் அங்கேதான். மரத்திலிருந்து இறக்கிய உடலைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் வாளோடு விக்கிரமாதித்தன் சுடுகாட்டில் நடந்து வருவானே, அந்தப் படம் அவர் கைவண்ணம். என் வகுப்பில் பின்சுவரில் கயிறு கட்டி பழைய அம்புலிமாமாக்களைத் தொங்கவிட்டிருந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். வேதாளம் கேட்கும் கேள்விக்கு முன்னால் வேதாளத்தின் தலைமுடியை நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

அம்புலிமாமாவால் மட்டும் எப்படி ஓவியர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள முடிந்தது? 1947 ஜூலையில் தெலுங்கில் சந்தமாமாவாகவும் தமிழில் அம்புலிமாமாவாகவும் தொடங்கிய பத்திரிகை, பிறகு பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. எழுத்தை மாற்ற வேண்டும், படத்தை மாற்ற வேண்டியதில்லை. ஒரு படத்தின் செலவு அத்தனை மொழிகளுக்கும் பங்காகிவிட்டது. சித்ரா, வ.பா., சங்கர் போன்றவர்கள் நிலையாக உட்கார்ந்து வரைந்ததற்கு அந்தப் பங்கீடுதான் அடித்தளம். புதுக்கோட்டையிலிருந்து ஒரே மொழியில் ஓரிரண்டாயிரம் பிரதி அடித்தவரால் இது முடிந்திருக்காது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் ஒரே முதலாளியை நம்பி இருப்பதில் இன்னொரு ஆபத்து உண்டு. 1998ல் தொழிலாளர் தகராறில் சந்தமாமா ஒரு வருடத்துக்கும் மேல் நின்றது. திரும்பவும் வந்தது. 2007ல் ஒரு கணினி நிறுவனம் வாங்கியது. 2013 வாக்கில் அச்சில் வருவது நின்றேபோனது. அப்போது சங்கருக்கு வயது 90ஐ நெருங்கிவிட்டது. அவர் அதற்குப் பிறகும் ராமகிருஷ்ண விஜயத்துக்கு வரைந்துகொண்டிருந்தார். 2020 செப்டம்பரில் காலமானார். பத்மஸ்ரீ விருது 2021ல் அறிவிக்கப்பட்டது. கொஞ்சம் முன்னால் கொடுத்திருக்கலாம். வேறென்ன சொல்ல.

கோபுலுவையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்க்காரர், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர், மாலியைத் தேடிப் போய் ஆனந்த விகடனில் இடம்பிடித்தவர். தமிழ்நாட்டில் அவர் கோட்டைத் தெரியாதவர் கிடையாது. அவரே 1963ல் பத்திரிகையை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார், 1972ல் சொந்தமாக விளம்பர நிறுவனம் தொடங்கினார். உச்சத்தில் இருந்தவர் எடுத்த முடிவே இது. சின்ன ஓவியர்கள் சினிமா பேனர், சிவகாசிக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு என்று போனதில் ஆச்சரியம் இல்லை. குழந்தைப் படம் என்பது பலருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலையாகவே இருந்தது.

நம் அரிமளத்துக்காரருக்குத் திரும்புகிறேன். வாண்டுமாமா என்ற பெயரை அவருக்குச் சூட்டியவரே ஓர் ஓவியர்தான், அந்த மாலி. படத்தின் அருமை தெரிந்த ஆசிரியர் என்பதால் அவர் கதைகளில் பாதியைச் சித்திரமே சொல்லும். செல்லம் என்ற ஓவியரும் அவரும் சேர்ந்து செய்த சித்திரக் கதைகளைப் படித்தவர்கள் இந்தப் பதிவைப் பார்ப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். செல்லத்தின் பெயரைக் கேட்டதும் ஒரு முகமாவது மலரும் என்று நம்புகிறேன். கோகுலம் 1972ல் வந்தது, பூந்தளிர் 1984ல். பூந்தளிர் சில வருடங்களில் நின்றது. வாண்டுமாமா தன் வாழ்க்கையை எழுதிய நூலுக்கு வைத்த பெயர் ‘எதிர்நீச்சல்’. 2014ல் மறைந்தார்.

பூந்தளிரில் சுப்பாண்டி வருவான், நினைவிருக்கிறதா? திருச்சியிலிருந்து ஒரு வாசகர் பம்பாய் டிங்கிள் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிய நம்மூர்ப் பிள்ளை அவன். படம் வரைந்தவர் பம்பாய் ஓவியர் ராம் வாயீர்கர். பிறகு அந்தப் படத்தோடு தமிழுக்குத் திரும்பி வந்தான். அதே போலத்தான் 1972ல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ். இரும்புக்கை மாயாவியை நானும் ரசித்தவள்தான். ஆனால் உள்ளே இருக்கும் படம் அத்தனையும் சீமையில் வரைந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு வேலை இருந்தது, அட்டைக்கு மட்டும் நம் ஓவியருக்கு வேலை இருந்தது. வரைந்து முடித்த படத்தை வாங்கிப் போடுவது புதிதாக வரையச் சொல்வதைவிட மலிவு. வியாபாரம் என்று பார்த்தால் நியாயம்தான், நம்மூர்ப் பையனுக்கு அது அடைபட்ட வாசல்.

வெளிநாட்டில் எல்லாம் பூமெத்தை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் பீட்ரிக்ஸ் பாட்டர், பீட்டர் முயல் கதையைப் படத்தோடு எடுத்துக்கொண்டு பதிப்பகம் பதிப்பகமாக அனுப்பிப் பார்த்தார். யாரும் ஏற்காததால் 1901ல் சொந்தக் காசில் 250 பிரதி அச்சடித்தார். அடுத்த வருடம் ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. 1903ல் தன் முயலைப் பொம்மையாகச் செய்து காப்புரிமமும் பதிந்துவிட்டார். கதையும் படமும் ஒரே கையில், உரிமையும் அதே கையில். நம்மவர்களுக்குக் கிடைக்காதது அதுதான்.

நம் நாட்டுச் சட்டம் ஒன்றுமே தரவில்லை என்று சொல்ல முடியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பத்திரிகையில் சம்பளத்துக்கு இருப்பவர் அதற்காக வரைந்த படத்தைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மற்ற உரிமைகள் வரைந்தவருக்கு. கூலி பேசிச் சொல்லி வரையவைக்கும் ஓவியத்துக்கு நிலைமை மாறும். ஆக, கையெழுத்துப் போடும் காகிதத்தைப் படிக்க வேண்டும். அந்த நாளில் காகிதமே கிடையாது, வாய்ச்சொல்தான்.

இப்போது நிலைமை என்ன? ஒரு பக்கம் இருட்டு. 2020ல் கோகுலம் அச்சில் வருவது நின்றது, சுட்டி விகடனும் இல்லை. சாகித்ய அகாதமி 2010 முதல் குழந்தை எழுத்தாளர்களுக்குப் பால சாகித்ய புரஸ்கார் கொடுக்கிறது, படம் வரைபவருக்கு அங்கே இடமில்லை. செயல்வழிக் கற்றல் அட்டைகளை எத்தனை ஆயிரம் முறை கையில் எடுத்திருப்பேன்! முயலும் மயிலும் போட்ட கை யாருடையது என்று அதில் அச்சிடவில்லை.

இன்னொரு பக்கம் வெளிச்சமும் இருக்கிறது. சென்னையிலேயே 1994ல் தாரா, 1996ல் தூலிகா என்று பதிப்பகங்கள் வந்தன. படக்கதைப் புத்தகம் என்ற வகையில், எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் வரைந்தவர் பெயரும் அட்டையிலேயே வருகிறது. தாராவில் கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்களின் புத்தகம் 2008ல் இத்தாலியின் பொலோனியாவில் விருது வாங்கியது. பராக் அமைப்பு 2016 முதல் தரும் பிக் லிட்டில் புக் விருதில் ஓவியருக்கென்றே ஒரு பரிசு உண்டு. நம் பள்ளிக்கல்வித் துறையும் 2022ல் ஊஞ்சல், தேன்சிட்டு என்று மாணவர் இதழ்களைத் தொடங்கியது. அவற்றுக்கும் யாரோ வரையத்தானே வேண்டும்?

அந்த அப்பாவுக்கு என் பதில் இது. தம்பி, குழந்தைப் படம் மட்டும் வரைந்து முதல் ஐந்தாறு வருடத்தில் வீட்டு வாடகை கொடுப்பது கஷ்டம். அதை மறைத்துப் பேச மாட்டேன். சங்கர் ஒரு வேலையில் இருந்துகொண்டு இன்னொன்றைச் செய்தார், கோபுலு விளம்பரத்துக்குப் போனார். உன் மகளும் அப்படி ஒரு துணைத்தொழிலோடுதான் தொடங்க வேண்டியிருக்கும். கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, அரசுக் கட்டணம்தான். நுழைவுக்கு வரைந்து காட்ட வேண்டும். விண்ணப்பத் தேதியை நீயே விசாரித்து வை, பிள்ளையை அலைய விடாதே. எந்தப் படத்தையும் கையெழுத்தும் தேதியும் போடாமல் வெளியே கொடுக்க வேண்டாம் என்று சொல்லு. வரையக் கூடாது என்று மட்டும் சொல்லாதே.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், புதுக்கோட்டையில் அச்சான பழைய குழந்தைப் பத்திரிகை ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு கையெழுத்து இருக்கும். அதைப் போனில் படம் பிடித்து கீழே பதிவிடுங்கள். பூச்சி அரித்த பக்கமானாலும் பரவாயில்லை.